பிள்ளைக்காகப் போட்ட கையொப்பம்

காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. செவ்வாய்க்கிழமை. நான் வேலை செய்த வீட்டுக் கிழவிக்கு ஒரு சட்டியில் சுடுதண்ணீர் வைத்துக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுத் தொலைபேசி அதுவரை எனக்காக அடித்ததில்லை. இலக்கத்தை என் மகளிடம் மட்டும் கொடுத்திருந்தேன், பெரிய ஆபத்து என்றால் மட்டும் எடு என்று சொல்லி.

"அம்மா, நான்தான் கதைக்கிறன். இஞ்சை வராதேங்கோ."

"எங்கை நிக்கிறாய்?"

"குவெஸ்தூராவிலை, உள்ளுக்கு. அந்தப் பேப்பரிலை ஆர் சைன் வைச்சது எண்டு கேட்டவை. நான் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் வராதேங்கோ அம்மா. வந்தால் உங்களையும்..."

பின்னால் ஓர் ஆண்குரல் ஏதோ சொன்னது. தொடர்பு அறுந்துவிட்டது.

குவெஸ்தூரா என்பது பொலிஸ் தலைமையகம். எங்களைப் போன்ற வெளிநாட்டவர்களின் பேப்பர்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கும், அங்கேதான் சாகும். மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவளுடைய பெயர் என்னுடைய பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே தங்குவதற்குப் பொலிஸ் தருகிற அனுமதியில், ஒரு வரியாக இருந்தது. பதினெட்டுக்குப் பிறகு அவளுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். மறுத்துவிட்டால், பதினைந்து நாளில் நாட்டைவிட்டுப் போ என்று ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தாள் கிடைத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். என் மகளுக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. மன்னாரில் எங்கள் வீடு இருந்த ஒழுங்கை சண்டையில் வெறுமையாகிவிட்டது. அவளுடைய தகப்பன் அங்கேதான் இறந்தார். இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரில், அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு கணக்கில்லை.

அந்தப் பேப்பரில் அவளுடைய பெயரில் கையொப்பம் வைத்தது நான்.

விண்ணப்பத்தை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டியிருந்தது. வியாழன் பின்னேரம் அதை நிரப்பி முடித்த நேரத்தில் மகள் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையின் குசினியில் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டு நின்றாள். வேலை முடிந்து வர நள்ளிரவாகும். "தாய் வைச்சால் என்ன, பிள்ளை வைச்சால் என்ன, வையுங்கோ தங்கச்சி" என்றார் நிரப்பித் தந்தவர். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. ஊரில் நான் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். தாயே எழுதி, அடியில் பிள்ளையின் பெயரையும் தாயே போட்டு அனுப்பிய எத்தனையோ லீவுக் கடிதங்களை வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றையாவது திருப்பி அனுப்பியதில்லை. கலியாணம் ஆகும்வரை பிள்ளையின் கை பெற்றவர்களுடைய கைதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது எங்கும் எழுதப்பட்ட சட்டம் அல்ல என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

மகள் மறுநாள் காலை உறையைத் திறந்தும் பார்க்காமல் கவுண்டரில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அவளுடைய கடவுச்சீட்டில் அவள் தமிழில் கையொப்பம் வைத்திருந்தாள். அப்படி வைக்கச் சொல்லிப் பழக்கியவளும் நான்தான். இன்றைக்கும் இத்தாலியப் பேப்பர்களில் அவள் தமிழில்தான் வைக்கிறாள். விண்ணப்பத்தில் நான் போட்டதோ ஆங்கில எழுத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதைக் கேட்கத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நிரப்பித் தந்தவரை எங்கள் ஆட்கள் அப்புக்காத்து அண்ணை என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் வழக்கறிஞரை அப்படிச் சொல்வது வழக்கம், இத்தாலியர்கள் அவ்வொக்காத்தோ என்பார்கள். அவர் வழக்கறிஞர் அல்ல. ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவர். பலெர்மோவில் ஒரு டொக்டரின் வீட்டில் விடியலிலும் பின்னேரத்திலும் நிலம் துடைத்தார். வீட்டுவேலை செய்கிற எங்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும்தான் ஓய்வு. ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போய்விடும். ஆகவே பேப்பர் அலுவல், சீட்டு, சண்டை, சமாதானம் எல்லாம் வியாழன் பின்னேரத்தில்தான் நடக்கும். அன்றைக்கு டொக்டரிடம் கேட்டு நேரத்தோடு வந்துவிடுவார். சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியாவில் அவர் இருந்த ஒற்றை அறையின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார். யாராவது மீன் கொண்டுபோனால் மட்டும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

இந்த வேலையை முறையாகச் செய்ய இடம் இல்லாமல் இல்லை. நகரத்தின் இன்னொரு பக்கத்தில், போர்கோ வெக்கியோவில், ஒரு பத்ரொனாத்தோ இருந்தது. தொழிலாளர்களுக்கு இலவசமாக உதவுகிற அலுவலகம் அது. அங்கே இருப்பவர்களும் வழக்கறிஞர்கள் அல்லர். ஆனால் சட்டம் அவர்களுக்கு ஓர் எல்லை போட்டு அனுமதி கொடுத்திருந்தது. விண்ணப்பம் நிரப்பலாம், எங்களுக்குப் பதிலாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கவுண்டரில் நின்று கேள்வி கேட்கலாம். வழக்கு என்று வந்தால் அவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். அங்கே வேலை செய்த பெண் ஒருமுறை எங்கள் கோயிலுக்கே வந்து இதையெல்லாம் விளங்கப்படுத்தினார். நாங்கள் தலையாட்டினோம். அந்த அலுவலகம் காலையில் திறந்து ஒரு மணிக்குப் பூட்டும். காலையில் நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய வீட்டு நிலத்தைத் துடைத்தபடி முழங்காலில் நின்றோம். பிறகு ஒரு காலம் வந்தது, அங்கே வியாழன் பின்னேரமும் கதவு திறந்திருந்தது, தமிழில் கதைக்கவும் ஒருவர் இருந்தார். நான் சொல்கிற நாளில் அது இல்லை.

அன்று கோயிலில் அந்தப் பெண் அப்புக்காத்து அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டு, எங்களோடு வந்து சில மாதம் பழகுங்கள், பரீட்சை எழுதுங்கள், பிறகு எங்களுடைய மேசையிலேயே இருந்து எழுதலாம் என்று கேட்டிருந்தார். அண்ணை எங்கள் பக்கம் திரும்பி, "இருவது வருசம் அப்புக்காத்துமாருக்கே எழுதிக் குடுத்தவன். இனிப் போய்ச் சிலேற்றிலை ஆனா எழுதோணுமாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இத்தாலியர்கள் சொன்னதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

தொலைபேசியை வைத்துவிட்டு வந்து மறுபடியும் கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"ஆர் செத்தது?" என்று கிழவி கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. மகள் குவெஸ்தூராவிலை. பிடிச்சு வைச்சிருக்கினம்."

"அப்ப ஏன் என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்? ஒண்டு கழுவியாச்சு. மற்றது எங்கையும் ஓடாது, நீ வரும்வரைக்கும் இஞ்சைதான் இருக்கும்."

"உங்களைத் தனிய விட்டுட்டுப் போகேலாது."

"கீழ் வீட்டுக்காரியைக் கூப்பிடு. வாயாடிதான். பரவாயில்லை, இண்டைக்கு ஒருநாள் சகிக்கிறன். போ!"

வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினேன். குவெஸ்தூராவுக்கு ஓடுவதா, அப்புக்காத்து அண்ணையிடம் ஓடுவதா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பேப்பரில் சிக்கல் என்றால் எங்கள் கால்கள் அவருடைய வாசலுக்குத்தான் போகும். சந்தைக்குள்ளால் ஆட்களை இடித்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்துவைத்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கினம். சைன் ஆற்றை எண்டு கேக்கினமாம்."

கத்தி நின்றது. "எழுதினது ஆர் எண்டும் கேட்டவையோ?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அதை நான் நீண்ட காலம் மனதில் வைத்திருந்தேன்.

"தெரியாது. என்னோடை வாங்கோ. உங்களுக்கெல்லோ கதைக்கத் தெரியும்."

"நான் வந்து என்னெண்டு சொல்லுறது தங்கச்சி? என்ரை பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கக் குடுத்து இப்ப அங்கைதான் கிடக்கு. நீ ஆர் எண்டு கேட்டால்? அப்புக்காத்து எண்டோ?"

"வியாழக்கிழமையிலை மட்டும் அப்புக்காத்தோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெங்காயத்தாலோ என்னவோ கண் சிவந்திருந்தது. "போர்கோ வெக்கியோவுக்குப் போங்கோ. அந்த மனிசிக்கு உள்ளுக்குப் போக உரிமை இருக்கு. எனக்கு வாசல் மட்டுந்தான். கெதியாப் போங்கோ, ஒரு மணியோடை கவுண்டரைப் பூட்டிப்போடுவினம்."

"பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பத்ரொனாத்தோவில் நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பத்துப் பேர் கதிரைகளில் இருந்தார்கள். நான் வரிசையைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கும், குரல் சிகரெட்டால் கரகரத்திருக்கும். இடையில் ஒருமுறைதான் குறுக்கிட்டார்.

"சைன் வைச்சது ஆர்? எனக்கு உண்மையைச் சொல்லோணும்."

"நான்."

கண்ணை மூடித் திறந்தார். "மகள் வாக்குமூலத்திலை கையொப்பம் வைச்சிட்டாளோ?"

"தெரியாது."

"அதுதான் இப்ப விசயம். வைக்கேல்லையெண்டால், புதுப் பேப்பரை அவளே நிரப்பி, நடந்ததை ஒரு கடிதமா எழுதிக் குடுக்கலாம். அதுக்கு எனக்கு உரிமை இருக்கு. வைச்சிட்டாளெண்டால் அது பொய்ப்பேப்பர் வழக்கு. நான் அதிலை வாய் திறக்கேலாது. வழக்கறிஞர் தேடோணும், அதுக்குள்ளை மறுப்பு எழுதிப்போடுவினம்." கதிரைகளில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒரு சின்னப்பிள்ளையின்ரை அலுவல், மன்னியுங்கோ" என்றார். ஒருவர் முணுமுணுத்தார். "உன்ரை ஓய்வூதியம் நாளைக்கும் அங்கைதான் இருக்கும்" என்று அவருக்குச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தார்.

அவரிடம் ஒரு மோட்டோரினோ, சின்ன ஸ்கூட்டர், இருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றில் நான் ஏறியதில்லை. பின்னால் இருந்து அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். ஒரு செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. நிறுத்தச் சொல்லவில்லை.

குவெஸ்தூராவின் நடைவழியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் மகளின் முதுகு தெரிந்தது. பின்னல் தெரிந்தது. ஒரு மேசைக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தாள், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்திய பிள்ளை மாதிரி. நான் கண்ணாடியில் தட்டப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து இறக்கினார்.

கவுண்டரில் இருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அவரில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பத்ரொனாத்தோப் பெண்ணை அவருக்குத் தெரிந்திருந்தது. வாக்குமூலம் இன்னும் தட்டெழுதப்படுகிறது, பிள்ளை கையொப்பம் வைக்கவில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப புதுப் பேப்பரை எடுப்பீங்களோ?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"எடுப்பன். ஆனால் பழசைக் கிழிச்செறிய என்னாலை ஏலாது." அவர் விண்ணப்பத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். "இந்த எழுத்தைப் பாருங்கோ. சரிச்சு, வால் நீட்டி. இதை நான் வேறை பேப்பருகளிலையும் கண்டிருக்கிறன். ஆரோ பேப்பர் செய்து விக்கிறாங்கள் எண்டு எங்களுக்கு முறைப்பாடு இருக்கு. பிள்ளை தெரியாது எண்டு நிக்குது. தன்ரை பேப்பரை ஆர் எழுதினது, ஆர் சைன் வைச்சது எண்டு தெரியாத ஆள் அதை வாங்கின ஆளாத்தான் இருக்கோணும். எழுதினவர் ஆர்?"

பத்ரொனாத்தோப் பெண் என் பக்கம் திரும்பினார். "இதோடை நான் நிப்பாட்டோணும். என்ன சொல்லுறது எண்டு நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது. எனக்கு அனுமதி இல்லை." பிறகு மெதுவாக, "பொய் மட்டும் வேண்டாம்" என்றார்.

"சைன் வைச்சது நான்" என்றேன். அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "எழுதினதும் நான்தான்" என்றும் சொன்னேன்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் முன்னால் தள்ளினார். "மேலை இருக்கிற ரெண்டு வரியையும் எழுதுங்கோ, சிஞ்ஞோரா."

பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய எழுத்து என்னுடையது. குண்டாக, நேராக நிற்கும். அதைச் சரித்து எழுதப் பார்த்தேன். வாலை இழுத்துப் பார்த்தேன். ஒரு வரி முடியவில்லை, அவர் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் வகுப்பில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளைகளிடம் நான் இப்படித்தான் தாளை இழுத்தெடுத்திருக்கிறேன்.

"பிள்ளை ஒரு பொய். தாய் ஒரு பொய்" என்றார் அவர். "ஒரு மணிக்கு நான் பூட்டோணும். எழுதினவர் ஆர் எண்டு அதுக்குள்ளை தெரியாட்டில் இந்தக் கோப்பு மேல்மாடிக்குப் போயிடும். மேலை போனால் நான் அதை இறக்கேலாது."

மேல்மாடி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வழக்குத்தான் என்று பத்ரொனாத்தோப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

நடைவழியில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தேன். செருப்பில்லாத காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. அந்தப் பெண் கவுண்டரோடு நின்று புதுப் பேப்பரில் மகளுடைய பெயர், பிறந்த இடம் என்று தன்னால் எழுதக்கூடியதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார், ஒருவேளை தேவைப்பட்டால் நேரம் வீணாகாமல் இருக்கட்டும் என்று. எனக்கு வேறு ஒன்றும் செய்ய இல்லை. அப்புக்காத்து அண்ணையின் பேரைச் சொல்ல வேண்டியது மட்டும்தான்.

அவருடைய அறை வாசலில் கிடக்கும் செருப்புகளை நினைத்தேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் நின்ற பெண்ணுக்கும், கூலி தராமல் துரத்தப்பட்டவனுக்கும் அவர் எழுதிக் கொடுத்த கடிதங்களை நினைத்தேன். காலையில் அவர் கேட்ட முதல் கேள்வியையும் நினைத்தேன். பன்னிரண்டரை ஆனது. கண்ணாடிக்கு அப்பால் தட்டெழுதுகிற சத்தம் நின்றது. யாரோ ஒரு தாளை உருவி மகளின் முன்னால் வைத்தார்கள். அவளுடைய தலை குனிந்தது. வாசிக்கிறாள். மெதுவாக வாசி பிள்ளை, மெதுவாக வாசி.

இதை எழுதாமல் விட்டால் மிச்சத்தை எழுதியதில் பயனில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு நான் எழுந்தேன். கவுண்டருக்குப் போனேன். அவருடைய பேரைச் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனையை எடுத்தார்.

எனக்குப் பின்னால் வெங்காய மணம் வந்தது.

அப்புக்காத்து அண்ணை பெரிய வெள்ளிக்கிழமைக்கு மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என்னுடைய மற்றச் செருப்பை எங்கே கண்டெடுத்தாரோ, அதுவும் அவருடைய கையில் இருந்தது. அதைக் குனிந்து என் காலடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து தன் கடவுச்சீட்டையும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்ததற்கான ரசீதுத் துண்டையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அதற்கு மேலே தன்னுடைய பேனையை வைத்தார்.

"நீங்கள் ஆர்?" என்றார் அதிகாரி. "அவ்வொக்காத்தோவோ?"

"இல்லை ஐயா. நான் ஒரு டொக்டர் வீட்டிலை நிலம் துடைக்கிறனான். அந்தப் பேப்பரை எழுதினது நான். தாயைக் கூப்பிட்டுப் பிள்ளையின்ரை பேரிலை சைன் வைக்கச் சொன்னதும் நான்தான். ஆருக்கும் ஒண்டும் விக்கேல்லை. வேணுமெண்டால் இப்பவே எழுதிக் காட்டுறன். பிள்ளை தெரியாது எண்டு சொன்னதெல்லோ, அது பொய் இல்லை. அவள் அந்த உறையைத் திறந்தே பார்க்கேல்லை."

அதிகாரி உள்ளே போய், மகளின் முன்னால் கையொப்பமில்லாமல் கிடந்த வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு வந்து, புதுப் பேப்பரைத் தரும்படி பத்ரொனாத்தோப் பெண்ணிடம் கையை நீட்டினார்.